லாண்டரியில் ஒரு துவைக்காத சட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நாய் என்றாலே ஆகாது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவனுக்கு நாயைப் பிடித்துப்போக அப்படி என்ன தலையெழுத்து? கெண்டைக்காலில் ஒன்று, தொடையில் ஒன்று, வெளியில் காட்ட முடியாத இடத்தில் ஒன்று என்று வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் வாங்கிய பதவி உயர்வுகளைவிட நாய்க்கடிகள் அதிகம். கேட்டுக்கு உள்ளே பத்திரமாக நின்றுகொண்டு, "ஒண்ணும் பண்ணாது, சும்மா வாங்க" என்று கூப்பிடுகிறவர்களை ஜென்மத்துக்கும் நம்ப மாட்டேன். அப்பேர்ப்பட்ட நான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் காரணம் லாண்டரி அக்காதான். அக்காவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நாயை விட்டுவிட்டு அக்காவைச் சொல்ல வழியில்லை என்பதால் நாயும் வருகிறது.

நான் குடியிருப்பது லாண்டரிக்கு மேல் மாடியில். கீழே முன்பக்கம் கடை. துணி வாங்கவும் கொடுக்கவும் ஒரு நீளப் பலகை, அதற்குப் பின்னால் இஸ்திரி மேஜை, சுவர் நெடுக அடுக்குத் தட்டுகள். பின்பக்கம் துவைக்கிற அறை. அங்கே இரண்டு மெஷின்கள், சட்டைக் காலரையும் கைப்பட்டியையும் கையால் தேய்ப்பதற்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. இரண்டு அறைக்கும் நடுவில் சுவர். துணி கைமாறுவதற்காக அந்தச் சுவரில் ஜன்னல் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். முன்னால் அக்காவின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், இஸ்திரி போடுவார். பின்னால் அக்கா துவைப்பார். காலையிலிருந்து இருட்டும்வரை இருவரும் பார்த்துக்கொள்வது அந்த ஓட்டை வழியாகத்தான்.

"ஓட்டை வழியாவே குடும்பம் நடத்துறது உலகத்திலயே நீங்க ரெண்டு பேர்தான்" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"மூஞ்சியப் பாத்துத்தான் குடும்பம் நடத்தணுமா? துணியத் தள்ளுற கையப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும் தம்பி, அந்தப் பக்கம் ஆளு சிரிக்குறாரா முறைக்குறாரான்னு" என்றார் அக்கா.

அக்கா பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலரைத்தான் பார்ப்பார். நல்லது கெட்டது பேச வந்தவரிடம்கூட, "அதக் கழட்டிக் குடுத்துட்டுப் பேசுங்க" என்று சொல்லக்கூடிய ஆள். அழுக்குத் துணி அவர் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. மனசு எங்கே இருந்தாலும் கை தன்பாட்டுக்கு அதை எடுத்து, பையைத் துழாவி, உதறி, உள்ளே போட்டுவிடும். அந்தக் கடையில் எந்த அழுக்கும் ஒரு ராத்திரி தங்கியதில்லை.

நாய்க்குப் பெயர் கஞ்சி. குட்டியாக வந்தபோதே அதன் ஒரு காது சட்டைக்குக் கஞ்சி போட்ட மாதிரி விறைத்து நின்றதாம். இன்னொரு காது எப்போதும் தொங்கல். "ஒரு பக்கம் கஞ்சி பத்தல" என்று அண்ணன் சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது. அது அண்ணனுடைய நாய். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, முக்கியமாக நாய்க்குக் கிடையாது. இஸ்திரி மேஜைக்கு அடியில், அவர் காலை ஒட்டிப் படுத்திருக்கும். சூடு தாங்காமல் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டாவது அங்கேயேதான் கிடக்கும். அக்கா கூப்பிட்டால் தொங்குகிற காதுகூட அசையாது.

"சோறு போடுறது நான், வாலாட்டுறது அவருக்கு. நல்லா இருக்குடா நியாயம்" என்று அக்கா ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார்.

சாயங்காலம் அண்ணன் இஸ்திரி போட்ட துணிகளைச் சைக்கிளின் பின்னால் அடுக்கிக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கப் போவார். சைக்கிளில் ஏற மாட்டார். ஏறி மிதித்தால் குலுங்கி மடிப்புக் கலைந்துவிடும் என்று தள்ளிக்கொண்டே நடப்பார். முன்னால் கஞ்சி, பின்னால் சைக்கிள், அதற்கும் பின்னால் அண்ணன். அந்த நேரம் பார்த்துத்தான் லாட்ஜிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மறுநாள் காலையில் அவர்களுக்குத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். அக்கா நகர முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில், "நானும் கூட வரேனே, ரெண்டு தெரு பாத்த மாதிரியும் இருக்கும்" என்று கேட்டாராம். "மெஷின யாரு பாக்குறது?" என்றாராம் அண்ணன். கேள்வியில் தப்பில்லை. பிறகு இன்னொரு தடவை கேட்டார், அதே பதில். அதன் பிறகு கேட்கவில்லை. மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அந்த நடைக்குப் போவதற்கு அக்காவுக்கு வேளை வரவில்லை. வாசலில் நின்று அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே போவார். மாடியிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். அந்த நாய்மேல் அக்காவுக்கு ஒரு பொறாமை உண்டு என்று எனக்கு அப்போதே படும். நாயிடம் போய் எதற்குப் பொறாமை என்று அன்றைக்கு நினைத்தேன்.

அண்ணன் போனது ஒரு காலை நேரம். நெஞ்சை அடைக்கிறது என்றார். நான்தான் ஓடிப்போய் வண்டி கொண்டுவந்தேன். வந்து பார்த்தால் மனிதர் மேஜையைப் பிடித்து நின்றபடி சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். "வேர்வைச் சட்டையோட ஆஸ்பத்திரிக்கு வந்தா லாண்டரிக்காரன்னு எவன் நம்புவான்?" என்றார். மூச்சு வாங்குகிறது, பித்தான் போட விரல் நடுங்குகிறது, அப்போதும் அந்தக் குசும்பு போகவில்லை. கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டினார். அக்கா அவரைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினார். நாயை ஏற்றவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்து, பெரிய சாலையில் எங்களைத் தவறவிட்டுவிட்டது.

மத்தியானம் அவரைக் கொண்டுவந்து முன் அறையில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரித் துணி, ஆஸ்பத்திரி மருந்து, பஞ்சு. கஞ்சி உள்ளே வந்தது. மோந்து பார்த்தது. காலிலிருந்து தலைவரை நிதானமாக மோந்துவிட்டு, இது யாரோ என்பது போல வெளியே போய் வாசலில், தெருமுனையைப் பார்க்க உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு கூட்டத்தில் அதைக் கவனித்தது நானும் அக்காவும் மட்டும்தான்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு கஞ்சி ஒரு காரியம் செய்தது. ஆணியில் தொங்கிய சட்டையை எம்பிப் பிடித்து இழுத்து, இஸ்திரி மேஜைக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டு, அதன்மேல் முகத்தை வைத்துப் படுத்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சட்டையை முன்னங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தின்றது. அவசரத்துக்குப் பின்சந்துக்குப் போய்விட்டு உடனே திரும்பிவிடும்.

கூட இருந்த மகளுக்கு அது பொறுக்கவில்லை. "அம்மா, லாண்டரில ஒரு அழுக்குச் சட்டை கிடந்தா வரவங்க என்ன நினைப்பாங்க? நாத்தம் வேற. அதத் துவைச்சு எடுத்து வைங்க, ஞாபகத்துக்கு இருக்கட்டும்."

"துவைச்சா அப்புறம் அதுல என்னடி ஞாபகம் இருக்கு?" என்றார் அக்கா.

"எங்கூட வந்துடுங்கன்னா கேக்க மாட்டேங்குறீங்க. இந்த நாய வெச்சுக்கிட்டு ஒண்டியா என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்டி இல்லடி. அதான் நாய் இருக்குன்னு நீயே சொல்றியே."

மகள் தலையில் அடித்துக்கொண்டு ஊருக்குப் போனாள். வீட்டுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுப்பது நின்றது. வேண்டியவர்கள் கடைக்கே வந்து வாங்கிப்போனார்கள். இஸ்திரியும் அக்காவே போட்டார். ஒரே ஆள் ஓட்டைக்கு இந்தப் பக்கம் வந்து துணியைத் தள்ளிவிட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அதை எடுப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் எடுத்துக்கொண்டே நடந்து போகலாமே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் மொட்டைமாடிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கீழே இறங்கினேன். கடையில் யாரும் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. பார்த்தால் அக்கா இஸ்திரி மேஜைக்கு அடியில் குந்தி உட்கார்ந்திருக்கிறார், அந்தச் சட்டை முகத்தில். நாய் சந்துக்குப் போயிருந்தது. என்னைப் பார்த்துவிட்டும் அக்கா பதறவில்லை.

"கையில, முதுகுல எல்லாம் போயிடுச்சு தம்பி. கழுத்துப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார். பிறகு சட்டையை இருந்தபடியே மடியாமல் வைத்து, நாயின் முகம் படுகிற இடத்தைக் கையால் நீவிச் சரிசெய்தார். "அது வரதுக்குள்ள வெச்சிடணும். நான் எடுத்தது தெரிஞ்சா கோச்சுக்கும்."

எத்தனையோ பேரின் வேர்வையையும் குழம்புக் கறையையும் ஆயுசு முழுவதும் துணியிலிருந்து விரட்டிய ஆள், கழுத்துப்பட்டி அகலத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரு வேர்வையைக் காபந்து பண்ணிக்கொண்டிருந்தார். சாவியைப் பலகையில் வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டேனா பார் என்று ஒரு வாரத்துக்குக் கொட்டியது. முன் அறைத் தரையெல்லாம் ஈரம் கசிந்தது. லாட்ஜ் விரிப்புகள் காயாமல் குவிந்தன. அன்றைக்கு அக்கா பின் அறையில், மெஷின் சூட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுக்கு விரிப்புகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது கஞ்சி முதல் தடவையாக ஓட்டைக்கு அந்தப் பக்கம் வந்தது. வாயில் சட்டை. தயங்கித் தயங்கி வந்து, அக்காவின் முதுகை ஒட்டினாற்போலக் கிடந்த விரிப்புக் குவியலில் சட்டையைப் போட்டுப் படுத்துக்கொண்டது. குளிரோ, தனிமையோ, யார் கண்டது. இத்தனை வருஷமாக ஏறெடுத்தும் பார்க்காத நாய் தானாக வந்து முதுகில் முதுகு வைத்துப் படுத்ததில் அக்கா உருகிப்போய்விட்டார். அசைந்தால் எழுந்து போய்விடுமோ என்று அசையாமலே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். கால் மரத்துப்போனதாம்.

பிறகு மழை கொஞ்சம் விட்டது. கஞ்சி சந்துக்குப் போயிற்று. லாட்ஜிலிருந்து போன் வந்தது, எப்போது தருவீர்கள் என்று ஒரே பிடுங்கல். அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சமாதானம் சொல்லிக்கொண்டே குவியலை வாரி மெஷினில் போட்டார். வாய் லாட்ஜ்காரனோடு பேசியது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வழக்கம்போல உதறியது, பையைத் துழாவியது, உள்ளே போட்டது. வெந்நீர், சலவைச் சோடா, எல்லாம்.

அக்கா போட்ட சத்தத்தில் நான் மாடியிலிருந்து விழுந்தடித்து ஓடினேன். ஷாக் அடித்துவிட்டது என்றே நினைத்தேன், என் தொழில் புத்தி. அக்கா மெஷின் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து நின்றிருந்தார்.

"நிறுத்துங்க" என்றேன்.

"நிறுத்தி என்ன? தண்ணி பட்டாச்சு" என்றார். "பை துழாவுனேன் தம்பி. பையத் துழாவுன கைக்கு அது அவர் சட்டைன்னு தெரியாதா? என்ன கை இது?"

சட்டை வெளுப்பாக, வாசமாக வெளியே வந்தது. அக்கா அதை ஈரத்தோடு கொண்டுபோய் மேஜைக்கு அடியில் வைத்தார். கஞ்சி வந்து மோந்தது. கழுத்துப் பக்கம் மோந்தது, திருப்பிப் போட்டு மோந்தது. பிறகு அக்காவை ஒரு பார்வை பார்த்தது. உறுமினாலாவது பரவாயில்லை, குரைத்தாலாவது பரவாயில்லை. வெறுமனே பார்த்துவிட்டு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அது தட்டைத் தொடவில்லை. பால் வைத்துப் பார்த்தார், முட்டை வைத்துப் பார்த்தார், கையில் எடுத்து ஊட்டப் பார்த்தார். வாயை இறுக்கிக்கொண்டது. மிருக டாக்டர் வந்து ஊசி போட்டார். "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. ஆனா இப்படியே இன்னும் ரெண்டு மூணு நாள் போச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அக்கா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கீழே சமையல் நடக்கிற அடையாளமே இல்லை. ஒரு தாளிக்கிற சத்தம்கூட மேலே வரவில்லை. நான் வாங்கிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார்.

"நீங்களாவது சாப்பிடுங்கக்கா. ஒரு நாய்க்காக..." என்று ஆரம்பித்தேன்.

"நாய்க்காகன்னு யாரு சொன்னா?" என்றார் அக்கா. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அவரு வேர்வ எப்படி இருக்கும்னு இந்த உலகத்துல தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. இதுவும் போயிட்டா நான் யாருகிட்டப் போயி அவரத் தேடுவேன்?"

பொட்டலத்தை அவர் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு மேலே வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மழை வெறித்திருந்தது. நான் வேலை முடிந்து வந்து படியேறும்போது கஞ்சி எழுந்து நின்றது. கால் ஆடியது. லாட்ஜ் வண்டி வந்து மூட்டைகளை இறக்கிவிட்டுப் போன நேரம், அண்ணன் சைக்கிளை எடுக்கிற நேரம். நாய் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, முனையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. அவர் போன பிறகு அது தெருவில் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

"தம்பி, கூட வா. எனக்கு இந்தத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது" என்று அக்கா செருப்பை மாட்டினார். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வேலையில் அக்கா கடையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

நாய் அவசரப்படவில்லை. சைக்கிள் தள்ளுகிறவரின் வேகத்துக்குத்தான் நடந்தது. ஒரு வீட்டுக் கேட்டின் முன்னால் போய் உட்கார்ந்தது. மணி அடித்து, துணி கொடுத்து, நாலு வார்த்தை பேசி முடிக்கிற நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனது. நானும் மாதாமாதம் போகிற தெருக்கள்தான். எனக்கு அங்கே மீட்டர் தெரியும், கடிக்கிற நாய் தெரியும். அக்காவுக்கு ஆளே தெரியாது, துணி மட்டும் தெரியும். கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்த ஒரு பெரியவரைப் பார்த்து, "பச்சக் கட்டம் போட்ட சட்டை நீங்கதானா?" என்று கேட்டுவிட்டார். அவர் முழித்தார். "இடது பையில எப்பவும் வெத்து பேனா மூடி இருக்கும்" என்றதும் சிரித்துவிட்டு, நாயைப் பார்த்து, விஷயம் புரிந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஒரு மேடு. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நின்று இடுப்பில் கை வைத்து மேட்டைப் பார்த்தார்.

"இவ்ளோ மேட்டுல சைக்கிளத் தள்ளிட்டு வந்திருக்காரு. ஒரு நாள்கூட சொன்னதில்ல. வீட்டுக்கு வந்து கால் வலிக்குதும்பாரு, வயசாயிடுச்சுன்னு நான் கிண்டல் பண்ணுவேன்."

ஒவ்வொரு திருப்பத்திலும் கஞ்சி நின்று திரும்பிப் பார்த்தது. "பாத்தீங்களா அக்கா, நீங்க வரீங்களான்னு பாக்குது" என்று ஆறுதலுக்குச் சொன்னேன்.

"என்னப் பாக்கல தம்பி. எனக்குப் பின்னாடி பாக்குது" என்றார்.

உண்மைதான். அதன் கண் எங்கள் இருவரையும் தாண்டி, காலியாக இருந்த தெருவில்தான் இருந்தது. அக்காவும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

கடைசியாக பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு பன் கடை. வெளியே ஒரு நீள பெஞ்சு. கஞ்சி பெஞ்சின் காலடியில் போய் விழுந்த மாதிரி படுத்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நாயைப் பார்த்ததும் அவர் கை தானாக ஒரு பன்னை எடுத்துத் தாளில் வைத்துவிட்டது. அப்புறம்தான் அக்காவைப் பார்த்தார்.

"லாண்டரிக்காரர் வீட்டம்மாங்களா? கேள்விப்பட்டேன். வரணும்னு நினைச்சேன், கடைய விட்டு நகர முடியல" என்றார். காசு வேண்டாம் என்று கையமர்த்தினார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்து நாயின் முன்னால் வைத்தார். அது தொடவில்லை. ஆனால் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவும் இல்லை. தலையைத் தூக்கி அக்காவின் வாயைப் பார்த்தது. நான் என் பங்குக்கு, இதற்கு குளுக்கோஸ் ஏற்றினால்தான் சரிப்படும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அது முதல்ல தின்னாதும்மா" என்றார் கடைக்காரர். "அவரு ஒரு வாய் கடிச்சு முழுங்கணும். அதப் பாத்தப்புறம்தான் இது வாய் வெக்கும். பழக்கிக் குடுத்ததில்ல, குட்டியில இருந்தே அப்படித்தான். வம்புக்குன்னு ஒரு தடவ நான் போட்டுப் பாத்தேன், பன்னு காஞ்சே போச்சு. உங்க வீட்லயும் அப்படித்தான இருந்திருக்கும்?"

அக்காவுக்கு எப்படித் தெரியும்? மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அண்ணனுக்கு ஒரு தட்டும் நாய்க்கொரு தட்டும் ஓட்டை வழியாகத் தள்ளுவார். யார் முதலில் சாப்பிட்டார்கள் என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கு என்ன தெரியும்? சட்டையில் வாசம் இருந்தவரை அண்ணன் பக்கத்தில் இருக்கிறார் என்று தின்றிருக்கும், அதுவும் போன பிறகு சாப்பிடாத ஆள் ஒருவர் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்த நாய் எப்படித் தின்னும்?

"எனக்கு இறங்காது" என்றார் அக்கா.

நாய் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. அண்ணனைக் கிடத்தியிருந்த அன்றைக்கும் இப்படி அழவில்லை. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அக்கா ஒரு மிடறு குடித்து விழுங்கினார்.

கஞ்சி அந்த விழுங்கலைப் பார்த்தது. ஒரு தடவை தெருவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து தன் துண்டைத் தின்றது. அக்கா இன்னொரு வாய் சாப்பிட, அதுவும் இன்னொரு வாய் தின்றது. பன் தீர்ந்ததும் கடைக்காரர் கேட்காமலே இன்னொன்று வைத்தார். எனக்கு நாய் ஆகாது என்று சொன்னேன் அல்லவா? அதை இப்போதும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அது தின்று முடிக்கும்வரை நான் மூச்சுவிடவில்லை.

தின்றுவிட்டு நாய் எழுந்து, தெரு ஓரத்தில் போய், நாங்கள் வந்த வழியைப் பார்க்க உட்கார்ந்துகொண்டது. விறைத்த காது தெருப் பக்கம் திரும்பியிருந்தது. விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஒரு பஸ் வந்து திரும்பிப் போனது.

"போலாமா அக்கா? மெஷின்ல லாட்ஜ் துணி கிடக்குது" என்றேன்.

"கிடக்கட்டும்."

"அதக் கூப்பிடுங்க. சாப்பிட்டாச்சு, இனிமே பயமில்ல."

"அவரு வர நேரம்னு அது நினைச்சுக்கிட்டு இருக்கு தம்பி. ஏதோ ஒரு வீட்டுல பேசிக்கிட்டு நின்னுட்டாரு, பின்னாடியே வந்துடுவாருன்னு. அப்படி இல்லன்னு எப்படிச் சொல்றது? எனக்கே யாரும் இன்னும் சரியாச் சொல்லல" என்றார்.

சொல்லிவிட்டு முந்தானையால் பெஞ்சைத் துடைத்து, ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார். எனக்கும் காலெல்லாம் வலிதான். உட்காரலாம் என்று இரண்டு அடி வைத்தேன். அப்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நாய் பார்த்த அதே தெருவைத்தான் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை, கடைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.